படத்தில் ஆள் கூடாது

என் அப்பா லோகநாதன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, ராயபுரத்தில், இருபத்து மூன்று கேமராக்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் விலகி நின்றார்; அன்று முதல் அவர் யார் கண்ணிலும் படுவதில்லை. அதற்கு முன் அவர் கடைசியாகச் செய்த சாதாரணக் காரியம் மீசைக்கு மை போட்டதுதான். வியாசர்பாடி குடியிருப்பில், எங்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால் பழைய டூத் பிரஷ்ஷும் கையுமாக நின்றவரைப் பார்த்து, “இன்னாய்யா, பொண்ணு பாக்கப் போறியா?” என்று அம்மா கேட்டாள். “பொண்ணு இல்லமே, பொட்டி. முப்பத்தொரு வருசம் அதுங்கூட குடும்பம் நடத்திகீறேன், ஒரு போட்டோ எடுத்துக்க வேணாமா?” என்றார். அம்மா, ரமாபாய், சிரித்துவிட்டு அவர் சட்டைக் காலரை மடித்துவிட்டாள்.

அவர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே கேமராவுக்கு அனுமதி கிடையாது. ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்குக் கதவு மாட்டியவர், ஒரு பெட்டியோடும் நின்று படம் எடுத்துக்கொண்டதில்லை. அவர் கதவு மாட்டிய பெட்டிகளில் ஒன்று ஓடி முடித்து ராயபுரம் பழைய ரயில் நிலையத்துக்குக் காட்சிப் பெட்டியாக வந்து நிற்பதை நான்தான் அவரிடம் சொன்னேன். எங்கள் கேமரா சங்கம் அங்கே போகிறது, நீயும் வா நைனா, பக்கத்தில் நிற்கவைத்து எடுக்கிறேன் என்றதும் நான்தான். அவர் அன்றைக்கே ஹாலில் ஆணி அடித்துவிட்டார்.

திருவொற்றியூர் ஒளிப்பட நண்பர்கள் சங்கத்துக்குப் பதினொரு விதிகள் இருந்தன. மாதப் போட்டியின் தலைப்பு இயந்திரமாக இருந்தால் ஐந்தாம் விதி பொருந்தும்: படத்தில் ஆள் கூடாது. தலை தெரிந்தால் ஐந்து மதிப்பெண் போகும், விரல் தெரிந்தால் மூன்று, நிழல் விழுந்தால் இரண்டு. அதனால் படம் எடுக்கப் போகிறவர் முதலில் “ஃபிரேம்!” என்று குரல் கொடுப்பார், எதிரே நிற்பவர் யாரானாலும் விலகிவிட வேண்டும். செயலாளர் ராமசுப்பு இந்த விஷயத்தில் மிகவும் கண்டிப்பானவர். சாத்தான்குளத்திலிருந்து வந்து தேரடியில் இரும்புக் கடை வைத்திருந்த அவர், தன் சொந்த மாமனாரையே ஒருமுறை பழவேற்காட்டுப் படகு ஒன்றிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறார்.

அன்று முதலில் போனது ராணுவ மியூசியத்துக்கு. வாசலில் ஒரு பழைய டாங்க் நின்றது. அப்பா அதன் சக்கரப் பற்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது ராமசுப்பு, “அண்ணாச்சி, ஃபிரேம்ல விழுதிய. கொஞ்சம் அங்கன தள்ளி நில்லுங்க” என்றார். அப்பா நகர்ந்தார். நகர்ந்த இடம் இன்னொருவருடைய படத்தில் விழுந்தது. மறுபடி நகர்ந்தார். தள்ளி நில் என்றால் எவ்வளவு தள்ளி என்பது என் தாத்தா காலத்திலிருந்தே எங்கள் ஆட்களுக்குத் தெரியும். யாரும் அப்பாவிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. பத்தாவது ஆளுக்கு விலகியபோது அவர் மட்டும் வந்தார், நிழல் டாங்க் மேலேயே தங்கிவிட்டது. “அங்கிள், உங்க நிழலு இங்கயே கீது. ரெண்டு மார்க் போயிடும், அதயும் கூட்டிகினு போங்க” என்றாள் சங்கத்துப் பெனிஷா. எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்துக்கொண்டு திரும்பி வந்து, குனிந்து, நிழலிடம் ஏதோ சொன்னார். அது எழுந்து கேன்டீன் பக்கமாக நடந்து போயிற்று. வேன் கிளம்பும்வரை திரும்பவில்லை. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று அவரே சொன்னார். வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது.

ராயபுரத்தில் அந்தப் பெட்டியைத் தூரத்திலிருந்தே அவர் அடையாளம் கண்டுகொண்டார். மூன்றாவது கதவைத் திறந்து மூடிக் காட்டி, “பாத்தியா, சத்தமே வராது” என்றார். மீசையை இரண்டு விரலால் நீவிவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று என்னைப் பார்த்தார். அந்த நேரம் பெட்டியின் மேல் நல்ல வெளிச்சம் விழுந்திருந்தது. ஐந்து நிமிடத்தில் போய்விடக்கூடிய வெளிச்சம். பின்னாலிருந்து எல்லோரும் “ஃபிரேம்! ஃபிரேம்!” என்று கத்தினார்கள். அவர் விலகினார். “கண்ணாடியில தெரியுதாரு” என்றார் ராமசுப்பு. ஜன்னல் கண்ணாடியில் இருந்த அப்பாவும் விலகினார். எனக்கு மட்டும் வலது ஓரத்தில் அவருடைய முழங்கை பாக்கி இருந்தது. நான் வ்யூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்: “நைனா, ஒரே ஒரு அடி. எல்லாரும் முடிச்சதும் உன்ன எடுக்கிறேன்.” அவர் ஒரு அடி வைத்தார். நான் படம் எடுத்தேன். பிறகு நிமிர்ந்து, “வா நைனா” என்று கூப்பிட்டேன்.

மதியம்வரை தேடினோம். டீக்கடை, கழிப்பறை, பெட்டியின் அடிப்பக்கம், தண்டவாளம் எல்லாம் பார்த்தாயிற்று. ஆள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று சொல்லி ராமசுப்பு பிரியாணிப் பொட்டலங்களைப் பிரித்தார், ஒன்று மீந்தது. மாலையில் காவல் நிலையத்தில் அப்பாவின் படம் கேட்டார்கள். ஆதார் அட்டையைக் கொடுத்தேன். முகம் இருந்த கட்டத்தில் பின்னால் தொங்கவிட்ட வெள்ளைத் துணி மட்டும் இருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய்க் கல்யாணப் படத்தை எடுத்துவந்தோம். அதில் அம்மா மாலையும் கழுத்துமாகத் தனியாக நின்றிருந்தாள். ஏட்டு என் தோளில் தொங்கிய கேமராவைப் பார்த்தார். “இம்மாம் பெரிய கேமராவ மாட்டிகினு கீற, பெத்த அப்பனை ஒரு தபா எடுத்ததில்லியாமா?” என்றார். ஆறு வருடத்தில் நான் எடுத்த படங்களை நினைத்துப் பார்த்தேன். காசிமேட்டு வலைகள், துறைமுகக் கிரேன்கள், எண்ணூர் புகைபோக்கிகள், நெட்டுக்குப்பத்து நாரைகள். இல்லை என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்.

அன்று சங்கம் எடுத்த ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு படங்களையும் காலடிப்பேட்டை அலுவலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒரு விரல் நுனிகூட இல்லை. வெளியிலிருந்து வந்த நடுவர், இவ்வளவு சுத்தமான ஃபிரேம்களைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றார். முதல் பரிசு எனக்கு. போய் வாங்கிக்கொண்டேன். படத்தைச் சட்டம் போட்டுத் தந்தார்கள். ஹாலில் இருந்த ஆணியில் நானே மாட்டினேன்.

அப்பா அடுத்த நாளே வீட்டுக்கு வந்துவிட்டார் என்பது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அம்மா தட்டில் சோறு போட்டுத் தரையில் வைத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு பக்கத்து வீட்டுச் சாலாச்சி போட்ட சண்டையைப் பற்றிப் பேசுவாள். சோறு குறையும். சிலசமயம் அவள் பேச்சுக்கு யாரோ மூக்கால் சிரிப்பதுகூடக் கேட்கும். நான் உள்ளே நுழைந்ததும் நின்றுவிடும். ஒருநாள் கேமராவை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, “நைனா, இப்ப உள்ள வா. ஃபிரேமுக்குள்ள வா, நான்தான் சொல்றேன்” என்றேன். தண்ணீர்ச் சொம்பு உருண்டது. பதறி விலகியிருக்கிறார். படத்தில் தட்டும், ஈரத் தரையும், பாதிப் பிசைந்த சோறும் இருந்தன. குறை சொல்ல முடியாத படம். “வுட்டுடு மகி. நீ பாக்காத” என்றாள் அம்மா. “நான் அந்தாண்ட திரும்பிக்கிறேன், துன்னுது. நீ பாத்தாதான் அந்த ஆளு எங்க உன் படத்த மறைக்கிறமோன்னு பயந்து எழுந்து போவுது. சோத்துல கைய வச்ச ஆள எழுப்பாத.”

கேமராவை விற்றுவிட்டேன், பயன் இல்லை. கண் போதும் அவருக்கு. இப்போது நான்கு வருடமாகிறது. அவர் சாப்பிடும் வேளையில் நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அக்கம்பக்கத்தாருக்கும் இது பழகிவிட்டது, என்னைத் தாண்டிப் போகும்போது, “நைனா சாப்புடுறாரா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அம்மா பாத்திரம் அலம்பும் சத்தம் கேட்டதும் எழுந்து உள்ளே போவேன். அறையில் அம்மா மட்டும் இருப்பாள். கட்டிலில் அவள் இப்போதும் பாதி இடம் விட்டுச் சுவரோரமாகத்தான் படுக்கிறாள்.