உறுமி மேளமும் மணிப்பந்தும்

பார்வையற்ற நாங்கள் ஆடும் பந்துக்குள் மணி இருக்கும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் கோலை நோக்கி உருண்டு வரும் பந்தைத் தடுப்போம். அதனால் ஆட்டத்தின்போது மண்டபத்தில் ஒருவரும் மூச்சுக் காட்டக்கூடாது என்று ஏற்பாட்டாளர் ரமணனிடம் மூன்று முறை சொல்லியிருந்தேன்.

"நான் பாத்துக்கறேன் லா, நிரஞ்சனா" என்றார்.

பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான். சிங்கப்பூரின் பூன் லே வட்டாரத்தில் இறுதி ஆட்டம். எதிரணி பந்தை உருட்டிய அதே நொடியில் வாசலில் உறுமி மேளம் அதிர்ந்தது. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டாராம். மணி கேட்கவில்லை. பந்து என்னைத் தாண்டி கோலுக்குள் போய்விட்டது.

"எல்லாரும் ஜோரா கைதட்டுங்க!" மைக்கில் ரமணனின் குரல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேளச் சத்தத்தை நோக்கி நேராக நடந்தேன். கைக்கு அகப்பட்ட உறுமியின் தோல்மீது உள்ளங்கையை அழுத்தினேன். ஒவ்வொரு மேளமாக அடங்கியது.

ரமணன் ஓடி வந்தார். "என்னம்மா இது? உங்களுக்காகத்தானே அவரு வந்திருக்காரு!"

"எங்களுக்காக வந்தவரா?" மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "அப்ப சத்தம் போடாம உக்காரச் சொல்லுங்க. அந்தக் கோல் செல்லாது. நாங்க மறுபடி ஆடப்போறோம்."