ஸ்டாண்டில் தொங்கிய உப்பு

எனக்குப் பயம் பிறவி நோய். குக்கர் விசில் அடித்தால்கூட அடுப்பை விட்டு இரண்டடி பின்னால் போகிறவள் நான். இப்படிப்பட்டவள், மில்லர்புரத்தில் வீட்டு முன்னறையைக் காலி பண்ணிக் குழந்தைகளைப் படம் எடுக்கப்போகிறேன் என்று சொன்னதும், என் வீட்டுக்காரர் ஜெயகணேஷ் விழுந்து விழுந்து சிரித்தார்.

கேமரா என் தம்பி கொடுத்த பழையது. மற்றதைத்தான் வாங்க வேண்டும். ஒரு மாதம் செல்போனில் வீடியோவாகப் பார்த்துக் குழம்பி, ஒருவழியாக முடிவெடுத்தேன். மட்டமான இரண்டு விளக்குகளுக்குப் பதில், வெள்ளைத் துணிக்கூடு மாட்டிய நல்ல எல்இடி விளக்கு ஒன்று. எதிர்ப்பக்கத்து நிழலைக் குறைக்க ஒரு தெர்மாகோல் அட்டை. பின்னணிக்குச் சாம்பல் நிறத் துணி. வெள்ளையில் அழுக்கு தெரியும், கறுப்பில் பிள்ளையின் தலைமுடி மறைந்துபோகும். சுவர் அளவுக்கு இருந்தால் போதும் என்றார் துணிக்கடை அண்ணாச்சி. நான் இன்னும் மூன்று மீட்டர் சேர்த்து வெட்டச் சொன்னேன். துணி சுவரிலிருந்து இறங்கித் தரையிலும் ஓடினால்தான், உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குப் பின்னால் சுவரும் தரையும் சேர்கிற கோடு விழாது.

ஸ்டாண்டைப் பார்த்துத்தான் பயந்தேன். மூன்று இரும்புக் கால், ஒல்லி உடம்பு, உச்சியில் அவ்வளவு பெரிய விளக்கு. ஃபேன் காற்றுக்கே ஆடியது. கண்ணை மூடினால் அது ஒரு பிஞ்சுத் தலைமேல் விழுந்தது. அது சாயாமல் இருக்க மணல் பை தொங்கவிட வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள்.

"உப்பளத்துல வேலை பாக்கவன் பொண்டாட்டி மண்ணைக் காசு குடுத்தா வாங்குவா?" என்றார் ஜெயகணேஷ். பத்து கிலோ கல்லுப்பைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து அவரே தொங்கவிட்டார். தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

முதல் வாடிக்கை ஸ்டெபி. என்னோடு டைப்ரைட்டிங் படித்தவள், புன்னைக்காயலில் இருக்கிறாள். மகன் வளனுக்கு ஒன்பது மாதம். அப்பா கப்பலில். பிள்ளை பிறப்பதற்கு முன்பே போனவர், இன்னும் அவனைத் தொட்டுப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் அதே கப்பலில் ஏறப்போகிற ஊர்க்காரர் ஒருவரிடம் படத்தைக் கொடுத்து அனுப்ப வேண்டும்.

ஐப்பசி மழை ஒரு வாரமாக விடவில்லை. தரை சில்லென்று இருந்ததால் வீட்டுக்குள்ளேயே ரப்பர் செருப்பு போட்டிருந்தேன். விளக்கைத் திருப்ப ஸ்டாண்டைத் தொட்டபோது விரலில் சுர்ரென்றது. முதல் வாடிக்கை அல்லவா, கை நடுங்குகிறது என்று நினைத்தேன். மறுபடி தொட்டேன், மறுபடி சுர்ரென்றது. 'ஏ முத்துச்செல்வி, உன் பயத்தில் இடி விழ' என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நாலு படம்தான் எடுத்திருப்பேன். வளன் என்னைப் பார்க்கவில்லை, விளக்கையே பார்த்தான். பிறகு அதை நோக்கித் தவழ ஆரம்பித்தான்.

"எங்கன வெளிச்சம் இருந்தாலும் போயிருவான், கள்ளப்பய" என்று சிரித்தாள் ஸ்டெபி.

ஸ்டாண்டின் காலடியில் தரை பளபளத்தது. பிள்ளை ஒன்றுக்குப் போய்விட்டான் என்று நினைத்தேன். ஆனால் அவன் இன்னும் அங்கே போகவே இல்லையே. நிமிர்ந்து பார்த்தேன். சாக்கின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்து, கீழே கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்மேல் விழுந்து, ஸ்டாண்டின் கால்வரை ஓடியிருந்தது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். மழைக்காலத்தில் உப்பே தண்ணீர் குடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? அடுக்களை ஜாடியில் தினமும் பார்க்கிறவள்தானே. விரலில் சுர்ரென்றது என் பயம் இல்லை, கரண்டு.

என் காலில் ரப்பர் செருப்பு. அவனுக்கு வெறுங்கால், எச்சில் வழிகிற கை. அந்தக் கை ஸ்டாண்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நீண்டிருந்தது.

ஓடிப்போய்த் தூக்க நேரமில்லை. ஸ்விட்ச் அவனுக்கு அந்தப் பக்கம். அவன் தவழ்ந்துகொண்டிருந்த சாம்பல் துணியின் நுனி என் காலடியில் கிடந்தது. இரண்டு கையாலும் பிடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தேன். சுவரில் மாட்டிய கிளிப்புகள் தெறித்தன. வளன் வழுக்கிக்கொண்டு என் பக்கம் வந்து உருண்டான், துணி முழுக்க அவன்மேல் விழுந்து மூடியது. வீடே அதிர அழுதான்.

"ஏளா, கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு? மீன் வலைய இழுக்க மாதிரி பிள்ளைய இழுக்க!"

கால் தடுக்கிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. உண்மையைச் சொன்னால் புன்னைக்காயலிலிருந்து இனி ஒரு பிள்ளையும் இந்த வாசலை மிதிக்காது. இழுப்பறையிலிருந்து டெஸ்டரை எடுத்து ஸ்டாண்டின் காலில் வைத்தேன். சிவப்பாக எரிந்தது. ஸ்விட்சை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், சாக்கு வடிந்ததையும், அதற்கு முன்பே விரலில் சுர்ரென்றதையும்.

ஸ்டெபி பிள்ளையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன். அங்கே நின்று திரும்பினாள்.

"இங்கனயே வெளிச்சம் இருக்குல்லா. இங்கன வச்சு எடு. உள்ள வரமாட்டேன்."

மேகம் கவிந்த பகல் வெளிச்சத்தில் எடுத்தேன். பிள்ளை திமிறியதில் ஒரே ஒரு படம்தான் தெளிவாக வந்தது. அதில் வளன் கண்ணில் நீர் மின்ன, வெளியே வேடிக்கை பார்க்கிறான். ஸ்டெபியின் பத்து விரலும் அவன் சட்டையில் பதிந்திருந்தன.

மூன்று வாரம் கழித்து அவள் போன் பண்ணினாள்.

"படம் போய்ச் சேர்ந்துட்டு. பிள்ளைய ஏன் இப்பிடி இறுக்கிப் பிடிச்சிருக்கன்னு கேட்டாரு. கேமராவப் பாத்துப் பயந்துட்டேன்னு சொல்லிட்டேன். கடல்ல கெடக்க மனுசன்கிட்ட வேற என்னத்தச் சொல்ல?"

போனை வைக்கப்போனவள் மறுபடி கேட்டாள்.

"அந்த உப்ப எடுத்துட்டியாளா?"

அன்றைக்கே எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். போனை வைத்ததும், முன்னறைக்குப் போய் மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.