எந்தப் பச்சை?

மாமனாரின் அழைப்பு வந்தபோது சஞ்சீவன் இழுவைப் படகின் இயந்திர அறையில் நின்றான். கோதுமை ஏற்றி வந்த கப்பலொன்றைத் திருகோணமலைத் துறைமுகத்துக்குள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். என்ஜின் இரைச்சலில், ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டும் பாதிதான் விளங்கியது.

"மருமோன், பிள்ளை பச்சையாச் சத்தி எடுத்துப்போட்டுது. ரெண்டாந்தரம்."

"என்ன மாமா, வாந்தியோ? பச்சையாவோ?"

"ஓம், ஓம், பச்சையாத்தான். தர்சிகா பயந்துபோனாள். நீங்கள் அந்த மிட்வைப் மிஸ்ஸிட்டை ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ."

மாமனார் தம்பிராசா கிளிவெட்டியில் வயல் செய்பவர். மகள் தர்சிகாவுக்குப் பிள்ளை பிறந்ததும் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குக் கிட்டவாக, டவுனிலுள்ள வாடகை வீட்டிலேயே இருக்கட்டும் என்று சஞ்சீவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "பச்சை உடம்புக்காரியைத் தனிய விட்டிட்டு நீங்கள் படகிலை போனா ஆர் பாக்கிறது? முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியட்டும்" என்றார் மாமனார். அதற்குமேல் அவனால் பேச ஏலவில்லை. ஆனால் மனதுக்குள் அந்தக் கோபம் அப்படியே கிடந்தது.

மேல்தளத்துக்கு ஏறி வந்து மிட்வைப் மிஸ்ஸை அழைத்தான். வயிற்றில் பிள்ளை இருந்த காலத்தில் வீட்டுக்கு வந்து தர்சிகாவைப் பார்த்துப் போன மருத்துவிச்சி அவர்.

"பச்சையாவோ? வடிவாத் தெரியுமோ தம்பி?"

"ஓம் மிஸ். மாமா திருப்பித் திருப்பிச் சொன்னவர்."

மிஸ்ஸின் குரல் மாறியது. "பால் கக்கிறது வேறை, இது வேறை. பிறந்த பிள்ளை பச்சையாச் சத்தி எடுத்தா குடல் முறுகியிருக்கவும் கூடும். ஒப்பரேஷன் வரைக்கும் போகும். பால் குடுக்க வேண்டாம். வழியிலை எங்கையும் மினைக்கெடாமல் நேரை இஞ்சை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கோ."

சஞ்சீவன் மேல்தளத்தில் நின்றபடியே திரும்ப மாமனாரை அழைத்தான்.

"உடனை வெளிக்கிடுங்கோ. பால் குடுக்க வேண்டாம்."

"ஏன் தம்பி, என்னவாம்?"

அந்த ஒரு கேள்விதான். மனதில் கிடந்ததெல்லாம் பொங்கி வந்துவிட்டது. டவுனிலேயே வைத்திருந்தால் இது வந்திருக்குமா என்று தொடங்கியவன், படகில் ஆட்களுக்குள்ளே பேசும் சொற்களையெல்லாம் பச்சையாகவே கொட்டிவிட்டான். தகப்பன் வயதுள்ள ஒருவருக்கு அவன் அதற்குமுன் அப்படி ஏசியதில்லை.

"இப்ப வெளிக்கிடுறம்" என்று மட்டும் தம்பிராசா சொன்னார்.

பிறகு தர்சிகா பேசினாள். "இஞ்சாருங்கோ, பிள்ளைக்கு என்ன?"

"ஒண்டுமில்லை. சும்மா ஒருக்காக் காட்டுவம்" என்றான். பச்சைப் பொய். குடல் முறுக்கு, ஒப்பரேஷன் என்ற சொற்களை அவள் காதில் போட அவனுக்கு மனம் வரவில்லை.

கப்பலைக் கட்டி முடிக்கும்வரை படகை விட்டு இறங்க ஏலாது. முடிந்ததும் கப்டன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். உடுப்பு மாற்றாமலே ஓடிப்போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். கிளிவெட்டிப் பாதையான கிண்ணியாப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு ஓட்டோவையும் எட்டிப் பார்த்தான்.

கடைசியில் றிகாஸின் ஓட்டோ வந்தது. தோப்பூர்க்காரன், தம்பிராசாவின் நெல்லையும் ஆட்களையும் வழக்கமாக ஏற்றிப் போகிறவன். வழியெல்லாம் பசியில் கத்தியதில் பிள்ளையின் குரல் கம்மியிருந்தது. காதை மூடித் துவாய் கட்டியிருந்த தர்சிகாவின் சட்டை, பால் கட்டி வழிந்து முன்பக்கமெல்லாம் நனைந்திருந்தது. தம்பிராசா வயலிலிருந்து வீட்டுக்கு ஓடிவந்த அதே சாரத்தோடு, காலில் சேற்றோடு இறங்கினார். மருமகனின் முகத்தைப் பார்க்கவில்லை.

வார்ட்டில் இருந்தவர் ஒரு சிங்கள டொக்டர், இளம்பெண். தமிழைப் படித்துப் பேசுகிறவர். பக்கத்தில் ஸல்ஹா என்ற தாதி நின்றார். சஞ்சீவன் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னான். குடல் முறுக்கு என்ற சொல்லைக் கேட்டதும் தர்சிகா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

டொக்டர் அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க பாத்தீங்களா? எந்தப் பச்சை? இந்த மாதிரியா?" என்று கட்டிலோரம் தொங்கிய திரையைப் பிடித்துக் காட்டினார். இலைப் பச்சை நிறத் திரை.

தர்சிகா திரையைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"ஐயோ, இல்லை டொக்டர். வெள்ளை."

"அப்ப பச்சை இல்லையா?"

"பச்சையாத்தான் வந்தது. வெள்ளையா."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "வெள்ளைப் பச்சையா?"

ஸல்ஹாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "டொக்டர், பச்சை எண்டா நிறம் மட்டுமில்ல. சமைக்காத மரக்கறியும் பச்சைதான், கொதிக்காத தண்ணியும் பச்சைத்தண்ணிதான். குடிச்ச பால் திரையாம அப்பிடியே வந்திருக்கு. அதத்தான் சொல்லுறாங்க."

வாசலில் நின்ற தம்பிராசா, "அதைத்தானே நான் முதலே சொன்னனான்" என்றார் மெதுவாக.

டொக்டர் உடனே நம்பிவிடவில்லை. பிள்ளையின் வயிற்றை நாலு பக்கமும் அமர்த்திப் பார்த்தார். சலம், மலம் எல்லாம் ஒழுங்காகப் போகிறதா என்று விசாரித்தார். பால் குடித்ததும் படுக்க வைப்பதா என்றும் கேட்டார். ஓம் என்றாள் தர்சிகா. "சரி, இப்ப குடுங்க. பாப்பம்" என்றார்.

பிள்ளை பாய்ந்து பிடித்துக் குடித்தது. பிறகு தோளில் போட்டு முதுகைத் தட்ட, பெரிய ஆள்போல ஏப்பம் விட்டது. கடைவாயில் கொஞ்சம் பால் வழிந்தது. டொக்டர் அதைப் பஞ்சில் ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"வெள்ளை" என்றார்.

"பச்சை" என்றார் ஸல்ஹா.

வார்ட்டில் இருந்த மற்றத் தாய்மாரும் சேர்ந்து சிரித்தார்கள். சஞ்சீவனும் சிரித்துக்கொண்டே அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவனுக்கே தெரியவில்லை.

தர்சிகா அவனை முறைத்தாள். "குடல் எண்டு எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"பச்சை உடம்போடை நீ பயந்திடுவாய் எண்டு..."

"சொல்லியிருந்தா என்ன நிறமெண்டு அப்பவே சொல்லியிருப்பனே! பிள்ளை வழி முழுக்கப் பசியிலை கத்தினது."

"அவரை ஏச வேணாம்" என்றார் டொக்டர். "வந்தது சரி. உண்மையான பச்சை வந்தா எப்பவும் இப்பிடித்தான் ஓடி வரணும்." பிறகு சஞ்சீவனின் கையில் குத்தியிருந்த நங்கூரத்தைப் பார்த்தார். "இது என்ன சொல்லுவீங்க?"

"பச்சை குத்தினது" என்றாள் தர்சிகா.

"இது கறுப்புத்தானே!" டொக்டர் இரண்டு கைகளையும் விரித்தார். ஓர் இரவு பார்த்துவிட்டு விடுவதாகச் சொல்லி அடுத்த கட்டிலுக்குப் போனார்.

தம்பிராசா வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார். சஞ்சீவன் போய்ப் பக்கத்தில் நின்றான்.

"மாமா, போனிலை... நான் கண்டபடி ஏசிப்போட்டன்."

"உங்கடை என்ஜின் சத்தத்திலை எனக்கு ஒண்டும் கேக்கேல்லைத் தம்பி."

ஏசும்போது அவன் மேல்தளத்தில் நின்றான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகத்தான் போயிருக்கும். சஞ்சீவன் அவருடைய கையைப் பிடித்தான். சேறு காய்ந்து சொரசொரத்த கை.

"காலமையிலை இருந்து பச்சைத்தண்ணி வாயிலை படேல்லை" என்றார் தம்பிராசா. "அந்த றிகாஸ் பெடியனையும் கூப்பிடுங்கோ. ஏதாவது சாப்பிடுவம்."

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கடையில் மூன்று பேரும் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டார்கள். தம்பிராசா இரண்டு தரம் கேட்டு வாங்கினார். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டபடி வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்து, தங்கைக்குப் போன் எடுத்து, அடைக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்.

மறுநாள் காலையில் டொக்டர் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டினார். முப்பத்தொன்று கழியும்வரை கிளிவெட்டியில்தான் என்று தர்சிகா சொல்ல, சஞ்சீவன் மறுக்கவில்லை. லீவு போட்டுவிட்டுத் தானும் ஓட்டோவில் ஏறினான். கிண்ணியாப் பாலத்தில் காற்று அடித்தபோது பிள்ளையின் நெற்றியைக் கையால் மறைத்துப் பிடித்தான். அது அசையாமல் நித்திரை கொண்டது. கொஞ்ச நேரத்தில் தம்பிராசாவும் அவன் தோளில் சாய்ந்து குறட்டை விடத் தொடங்கினார்.