அழித்தவர்

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் கறார் டீச்சர். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். அறிவியல் செய்முறை வேலைகளைப் பிள்ளைகள் பள்ளியின் க்ளவுட்டில் அவள் திறந்துவைத்த ஃபோல்டருக்குள் ஏற்ற வேண்டும். எல்லோரும் ஏற்றியிருந்தார்கள். தையல்காரர் மகளுடையதை மட்டும் காணோம்.

"ஏத்தினேன் டீச்சர். அவரைச் செடி, நாப்பது நாள் போட்டோ."

"அப்ப காத்துல கரைஞ்சிடுச்சா? பொய்க்கும் ஒரு அளவு வேணும்."

வகுப்பே சிரித்தது. அப்பாவோடு மன்னிப்புக் கடிதம் கொண்டுவந்தால்தான் உள்ளே விடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை ஆசிரியர் அறையில், வேறு எதையோ தேடப்போய் க்ளவுட்டின் குப்பைத் தொட்டியைத் திறந்தாள். அவரைச் செடி அங்கே கிடந்தது. பக்கத்தில் ஒரு வரி: அழித்தவர், நீங்கள்.

போன வாரம், இடம் நிரம்பிவிட்டது என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. பெரிதாகத் தெரிந்த ஒன்றைப் பழைய வருடத்துக் குப்பை என்று நினைத்து, யாருடையது என்றுகூடப் பார்க்காமல் அழித்தாள். எல்லோரையும்விட அதிகம் உழைத்தவளுடையதுதான் அதிகம் இடம் பிடித்திருந்தது.

ஒரு தட்டுத் தட்டியதும் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இப்படியும் புத்தி போகிறதே என்று கூசியது. ஆனாலும் போனது.

அதற்குள் தையல்காரர் வந்துவிட்டார். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து வந்திருந்தார். பின்னால் மகள், கண் வீங்கி.

"மன்னிச்சிடுங்க டீச்சர். எங்க வீட்ல பொய் சொல்ற பழக்கமே இல்ல. நல்லா மிரட்டிக் கேட்டதும் ஒத்துக்கிட்டா."

கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார். 'நான் எதையும் ஏற்றவில்லை. பொய் சொன்னேன்.' முத்து முத்தான கையெழுத்து.

தயாராக வைத்திருந்த 'கோளாறு' அந்தக் கையெழுத்துக்கு முன்னால் நிற்கவில்லை.

"சார், அவ ஏத்தியிருந்தா. நான்தான் பாக்காம அழிச்சிட்டேன். அழிச்சிட்டு, அவளையே பொய்க்காரின்னு சொன்னேன்."

தையல்காரர் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"அப்புறம் ஏம்மா இதை எழுதினே?"

அவள் யாரையும் பார்க்கவில்லை. "ஏத்தினேன்னு சொன்னப்ப நீங்க ரெண்டு பேருமே நம்பலையேப்பா."

டீச்சருக்குத் தலை நிமிரவில்லை. தையல்காரருக்கும்தான்.