எந்தக் கையில் ஊசி?

ஜெயசுதாவுக்கு எதையும் நோண்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. அக்குளில் கட்டி வந்தபோதும் அப்படித்தான். சில வருடங்களுக்கு முன் புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்தாயிற்று. இப்போது வலது அக்குளில் சுண்டைக்காய் அளவு ஒன்று தட்டுப்பட்டது. நோய் பக்கம் மாறி வந்துவிட்டதோ என்று பயந்தாள். புருஷன் சாமிதுரையிடம் சொன்னால் மனிதர் சோற்றைத் தொடமாட்டார். சொல்லவில்லை.

சும்மா கிடந்து அழவும் அவளுக்கு வராது. காலில் முள் குத்தினால் தொடையிடுக்கில் நெறி கட்டி வீங்கும், செந்துறைப் பக்கம் யாருக்கும் தெரிந்த சங்கதி. போன வாரம்தான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது கொரோனா ஊசி போட்டார்கள். எல்லோரும் இடது கையை நீட்ட, இவள் மட்டும் வலது கையை நீட்டினாள். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையில் ஊசியே கூடாது என்று பெரம்பலூர் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊசியும் முள்தானே, அக்குளில் நெறி கட்டாதா? கட்டுமென்றால் மற்றவர்களில் சிலருக்காவது கட்டியிருக்க வேண்டும், அதுவும் இடது பக்கம்.

மறுநாள் முந்திரி உடைக்கும் கொட்டகையில் கேட்டேவிட்டாள்.

"ஏன்டி, ஊசி போட்டதுக்கப்புறம் யாருக்காச்சும் அக்குள்ல நெறி கட்டுச்சா?"

"இவளுக்கு வேற வேல இல்ல," என்றாள் பொன்னாயி. ஆனாலும் கையைத் தூக்கித் தடவிப் பார்த்தாள். "அட, ஆமாடி. இடது பக்கம் பயறு மாதிரி உருளுது."

அவ்வளவுதான், கொட்டகையே கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. முதலாளி ராசாங்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார். இன்னும் இரண்டு பேருக்கு இருந்தது. இருவருக்கும் ஊசி போட்ட இடது பக்கமேதான். ஜெயசுதாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தனக்கும் ஊசி போட்ட வலது பக்கம் இருப்பதைச் சொல்லிவிட்டாள்.

"எனக்கும் இருக்குடி," என்றாள் கொளஞ்சியம்மாள், சிரித்தபடி. "ஒன்ன மாதிரியே வலது பக்கம்."

"நீ எந்தக் கையிலக்கா போட்டே?"

"எல்லாரையும் மாதிரி இடது கையிலதான்."

ஜெயசுதா உடைத்துக்கொண்டிருந்த கொட்டையைக் கீழே வைத்தாள். "எப்பலேருந்து இருக்கு?"

"ஊசிக்கு ரொம்ப முன்னாடியே, முந்திரி பொறுக்குனப்பவே இருந்துச்சு. வலிக்கல, வுட்டுட்டேன்."

ஜெயசுதாவுக்கு அன்று இடது மார்பில் வந்த கட்டியும் வலிக்கவில்லை. வலித்திருந்தால் சீக்கிரமே போயிருப்பாள்.

அடுத்த நாள் காலை இருவரும் பெரம்பலூர் பஸ் ஏறினார்கள். டாக்டரம்மா ஜெயசுதாவைச் சோதித்தார். "ஊசியாலதான் இருக்கும்போல. சில வாரம் பாப்போம். கரையலேன்னா ஸ்கேன் எடுத்துடலாம், வராம இருந்துடாதீங்க," என்றார். பிறகு கொளஞ்சியம்மாளைப் பார்த்தார். அக்குளோடு நிற்காமல் வலது மார்பையும் வெகுநேரம் அழுத்திப் பார்த்தார். டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார்.

வெளியே பெஞ்சில் கொளஞ்சியம்மாள் டெஸ்ட் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். அவள் சிரிப்பு எங்கே போனதோ.

"ஒனக்குத்தான் பயமில்லேன்னுட்டாங்கள்ல. நீ பஸ்ஸுக்குப் போ, ஒரு நாள் கூலி போவுது."

"அன்னைக்கு இதே பெஞ்சுல நான் தனியாத்தான் உக்காந்திருந்தேன்," என்றாள் ஜெயசுதா. "நீ சும்மா இரு, அக்கா."

சொல்லிவிட்டு, எழுந்து வந்து கொளஞ்சியம்மாளின் வலது பக்கம் உட்கார்ந்தாள்.