பிடரியில் பூசிய நரை

மேக்கப்காரர் பிடரி மயிரில் வெள்ளையைத் தடவிக்கொண்டிருக்கும்போதே மகன் மறுபடியும் அக்காவுக்குப் போன் போட்டான்.

"மூச்சு எப்படிக்கா இருக்கு?"

"இருக்கு. நீ சீக்கிரம் முடிச்சிட்டு வா."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அக்கா அப்பாவின் அறையைவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். "இன்னிக்குத் தாண்டாதுன்னு சொல்லிட்டுப் போனாருடா. அப்பாகிட்ட நாங்க சொல்லல. ஆனா அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் இவ்வளவு அவசரம்."

"நான் இப்பவே கிளம்பி வரேன்."

"ஷாட்டை முடிக்காம வந்தேன்னா என் மூஞ்சியில முழிக்காதேன்னுடுவாரு. கடைசியா அந்தப் பேச்சைக் கேக்கணுமா உனக்கு?"

"தலையை ஆட்டாதீங்க தம்பி," என்றார் மேக்கப்காரர்.

அவர் அவனுடைய முகத்தைத் தொடுவதே இல்லை. பிடரி, காதுக்குப் பின்புறம், புறங்கை நரம்புகள். அவனுக்கு அவ்வளவுதான் மேக்கப். முன்னாலிருந்து பார்த்தால் இளைஞன், பின்னாலிருந்து பார்த்தால் கிழவன். யூனிட்டில் அவனுக்கு 'முதுகு' என்று பெயர். "முதுகு சாப்பிட்டாச்சா?" "முதுகுக்கு ஒரு டீ குடுப்பா." கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேலியெல்லாம் தேய்ந்துபோய் வெறும் பெயராகவே ஆகிவிட்டது. அவனும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான்.

அப்பா நடிகர். கூட்டத்தில் ஒருவராக நின்று, பிறகு ஒரு வரி வசனம் கிடைத்து, அந்த வரி பிடிக்காமல் தானே மாற்றிப் பேசி, இரண்டு படங்களிலிருந்து துரத்தப்பட்டவர். நமக்கு யாரும் கதாநாயக வேஷம் தரப்போவதில்லை என்று தெரிந்ததும் தனக்குத் தானே எழுதிக்கொண்டார், தானே இயக்கினார். 'கதை, வசனம், இயக்கம், நடிப்பு எல்லாம் அவரே. டிக்கெட் கிழிக்க மட்டும் வேற ஆள்' என்று ஒரு பத்திரிகை கிண்டல் செய்தது. அதை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டி வைத்தார். அவ்வளவு கெத்து.

ஒரே ஒரு சங்கடம். கேமராவுக்கு முன்னால் நிற்கிறவரால் கேமராவுக்குப் பின்னாலிருந்து பார்க்க முடியாது. முகம் தெரிகிற காட்சிகளில் வேறு வழியில்லை. முதுகு மட்டும் தெரிகிற காட்சிகளில் தன் சட்டையை மகனுக்கு மாட்டிவிட்டுப் போய் மானிட்டர் முன்னால் உட்கார்ந்துகொள்வார். பழைய சண்டைக்காட்சி ஒன்றில் விழுந்ததில் அவருக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். மகன் அதைக் கற்றுக்கொண்டான். பிறகு மறக்க முடியவில்லை. காய்கறிக் கடையில் நின்றாலும் தோள் தானாக இறங்கிவிடும்.

ஒருமுறை கேட்டான். "ஒரு சின்ன வேஷம் குடுங்கப்பா. முகம் தெரியற மாதிரி."

"முகம் எல்லாருக்கும் இருக்குடா. முதுகால நடிக்கிறவன் எவன் இருக்கான்?"

அதைப் பாராட்டு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவனுக்கு மட்டும் அது முள்ளாகக் குத்தியது.

இன்று காலை கட்டிலருகே உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அப்படியே இருந்துவிட வேண்டும், கடைசிவரை இந்தக் கையை விடக்கூடாது. அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அப்பா ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு, "போ, ஷாட்டு பாக்கியிருக்கு," என்றார்.

"நாளைக்கு எடுத்துக்கலாம்பா."

"நாளைக்கு 'கட்' யார் சொல்லுவா?"

அப்பாவின் தளத்தில் அப்பாவைத் தவிர யாரும் 'கட்' சொல்லக்கூடாது. ஒருமுறை விளக்கு சரிந்து விழப்போகிறதென்று இணை இயக்குநர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். விளக்கு விழவில்லை, அவர்தான் அந்தப் படத்திலிருந்து விழுந்தார். அடுத்த படத்துக்குத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார் என்பது வேறு விஷயம். ஆனால் அன்றிலிருந்து அந்த மனிதர் டேக் ஓடும்போது கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டுதான் நிற்பார்.

செட் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பழைய கிடங்குக்குள் இருந்தது. பலகையால் ஆன மூன்று சுவர், ஒரு கதவு. படத்தின் கடைசிக் காட்சி அது. வீட்டைவிட்டுப் போய்விடுவதென்று முடிவெடுத்த கிழவர் கதவுவரை நடக்கிறார், தாழ்ப்பாளில் கை வைக்கிறார், நிற்கிறார். அதோடு படம் முடிகிறது.

"போறாரா இல்லையான்னு காட்டிடுங்க சார், ஜனங்க அடிக்க வருவாங்க," என்று தயாரிப்பாளர் கெஞ்சிப் பார்த்தார்.

"கதவு திறக்காது," என்றுவிட்டார் அப்பா.

மானிட்டரில் தெரிவது வீட்டில் அக்காவின் போனுக்குப் போகும். அப்பாவின் குரல் இங்கே சின்ன ஸ்பீக்கரில் வரும். இணை இயக்குநர் அதை ஸ்டூல்மேல் வைத்து அதன் முன்னால் கைகட்டி நின்றார்.

"சார், ரெடி சார்."

ஸ்பீக்கரில் முதலில் ஆக்சிஜன் மிஷினின் உறுமல்தான் வந்தது. பிறகு மூச்சு. பிறகு, "ஆக்‌ஷன்."

மகன் நடந்தான், தாழ்ப்பாளில் கை வைத்தான்.

"கட். அது உன் நடை. வீட்டுக்கு ஓடுற நடை." மூச்சு வாங்கியது. "கிழவனுக்கு என்னடா அவசரம்?"

மறுபடி நடந்தான்.

"கட். தோளு."

மறுபடி.

"கட். இப்ப தோள் மட்டும்தான் நடிக்குது."

யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு 'கட்'டுக்கும் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. வார்த்தைகளுக்கு நடுவில் இருந்த இடைவெளி பெரிதாகிக்கொண்டே வந்தது. இந்த மூச்சையெல்லாம் தன்னிடம் பேசச் செலவழித்திருக்கலாமே என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது. அழுகையாகவும் வந்தது. எதையும் முதுகில் காட்டக்கூடாது.

"ஆக்‌ஷன்." பக்கத்தில் நின்றவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

இந்த முறை எதையும் யோசிக்காமல் நடந்தான். கால் தானாக மெதுவாகியது. தாழ்ப்பாள் சில்லென்றிருந்தது. விரல்களை மடக்கிக்கொண்டு நின்றான்.

"ம்..." என்றது ஸ்பீக்கர். "அப்படியே நில்லு."

நின்றான்.

மிஷின் உறுமியது. ஒரு மூச்சு கேட்டது. நீண்ட நேரம் கழித்து இன்னொன்று. 'கட்' வரவில்லை. கதவுப் பலகையில் சரியாகப் பெயின்ட் படாத ஒரு இடம் கண்ணுக்கு நேராக இருந்தது; அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த மூச்சுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டான். மிஷின் மட்டும்தான் கேட்டது.

"அப்பா?" அக்காவின் குரல். "அப்பா... அம்மா, இங்க வாயேன்!"

கிடங்கில் ஒருவரும் அசையவில்லை. இணை இயக்குநர் கர்ச்சீப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றார். திரும்பக்கூடாது, அப்படியே நில்லு என்றுதானே அப்பா சொன்னார்? திரும்பாதவரைக்கும் டேக் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. டேக் ஓடுகிறவரைக்கும் அப்பா இருக்கிறார். இப்படி ஒரு கிறுக்குக் கணக்கைப் போட்டுக்கொண்டு அவன் நின்றான். தோள்கள் குலுங்கத் தொடங்கின. இறங்கியிருந்த இடது தோள் வலதோடு சேர்ந்து ஏறி ஏறி இறங்கியது.

ஸ்பீக்கரில் அம்மா அழுகிற சத்தம் வந்தது.

அவன் தாழ்ப்பாளை நீக்கினான். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான்.

கதவுக்கு அந்தப் பக்கம் கேபிள் சுருள்களும் ஒரு டீ பிளாஸ்க்கும் இருந்தன. தாண்டித் தெருவுக்கு வந்தான். பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு கிழவர் தலைதெறிக்க ஓடுவதாகத் தெரிந்திருக்கும்.

வீட்டில் மிஷினை நிறுத்தியிருந்தார்கள். அம்மா அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். மகன் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, காலையில் விட்டுப்போன கையைத் தேடி எடுத்துக்கொண்டான். இன்னும் சூடு இருந்தது.

அம்மா எழுந்து வந்து அவன் பிடரியில் கை வைத்தாள். எடுத்தபோது உள்ளங்கை வெள்ளையாக இருந்தது. அதைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் அங்கேயே கை வைத்தாள்.

"கதவு திறந்தப்ப அப்பாவுக்குக் கண்ணு திறந்துதான் இருந்துச்சு," என்றாள் அக்கா. "பாத்தாரா இல்லையான்னு எனக்குத் தெரியலடா."

அப்பாவின் முகத்துக்கு நேராக, இரண்டு தலையணைகளுக்கு நடுவே போன் செருகப்பட்டிருந்தது. திரையில் செட் தெரிந்தது. அவன் விட்டுவந்தபடியே கதவு திறந்து கிடந்தது. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது.

"இது இன்னும் ஓடிட்டிருக்கே," என்றாள் அம்மா. "பாவம், எவ்வளவு நேரம்தான் அவங்க நிப்பாங்க. யாராவது ஏதாவது சொல்லுங்கப்பா."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் அப்பாவின் கையை விடாமலே போன்பக்கம் குனிந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"கட்."

சற்று நேரம் திரையில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இணை இயக்குநர் சட்டகத்துக்குள் வந்தார். கையில் கர்ச்சீப் இருந்தது. நின்று ஒருமுறை கேமராவைப் பார்த்துவிட்டு, திறந்து கிடந்த கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அதன்பிறகு ஒவ்வொரு விளக்காக அணைத்தார்கள்.