சம்பந்தியிடம் கோல்ஃபில் தோற்பது எப்படி

கோல்ஃப் ஆடத் தொடங்க நினைக்கிறவர்களுக்கு என் முதல் யோசனை இது. யாராவது போனில் "ஆடுவீங்களா?" என்று கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. கேட்டவர் என் மகளைப் பெண் கேட்டு வரப்போகிறவர். மாப்பிள்ளை வீட்டாரிடம் இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. "ஆடுவேனே சார், எப்பவாவது" என்றேன். அதுவரை நான் கோல்ஃப் மட்டையைத் தொட்டதுகூட இல்லை. மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, தென்காசியில் காலையும் மாலையும் நடந்துகொண்டிருந்தவன். பெயர் பரமேஸ்வரன். விளையாட்டு என்று எனக்குத் தெரிந்தது கேரம்போர்டு மட்டும்தான். அதிலும் எதிராளி சிவப்புக் காயைப் போட்டால் முதலில் கைதட்டுகிறவன் நான்.

கேட்டவர் பாண்டியராஜ். சொந்த ஊர் ராயகிரி. நீலகிரியில் தேயிலை எஸ்டேட் மேனேஜராக இருந்துவிட்டுக் கோயம்புத்தூரில் குடியேறியவர். அவருடைய மகன் முத்துகுமரனுக்கும் என் மகள் ஸ்ரீவித்யாவுக்கும் அங்கே ஒரே அலுவலகம். முக்கியமானதையெல்லாம் அவர்களே பேசி முடித்துவிட்டு, மிச்சத்தைப் பெரியவர்கள் பேசட்டும் என்று எங்களுக்கு விட்டிருந்தார்கள். ஜூலையில் சீசனுக்குக் குற்றாலம் வரும்போது பேசிக்கொள்ளலாம் என்றார் பாண்டியராஜ். பழைய குற்றாலம் போகிற வழியில் ஒரு தென்னந்தோப்பைச் சமன்படுத்தி ரிசார்ட் கட்டியிருக்கிறார்களாம், அங்கே ஆறு குழிகளோடு சின்னதாக ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறதாம். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு அவர் சொல்லித்தான் தென்காசிக்காரனான எனக்கே அது தெரிந்தது.

ஸ்ரீவித்யாவுக்கு இதற்கு முன்னால் இரண்டு வரன்கள் வந்தன. முதல் வீட்டார் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். இரண்டாவது வீட்டார் பெண் கொஞ்சம் நிறம் கம்மி என்றார்கள். அதற்கும் நான்தான் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் போனபிறகு ஸ்ரீவித்யா அறைக்குள்ளிருந்து வந்து என் முன்னால் நின்றாள்.

"நீங்க குனிஞ்சு நின்னு எனக்கு ஒரு கல்யாணம் வேண்டாம்ப்பா. இன்னொரு தடவை அதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

சரி என்றேன். யார் எது சொன்னாலும் சரி என்பவன், அதற்கும் சரி என்றேன்.

மட்டை வாங்க பெலிக்ஸிடம் போனேன். தென்காசியில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவன். கிரிக்கெட் மட்டை, பூப்பந்து, பள்ளிக்கூடங்களுக்குக் கோப்பை, எல்லாம் விற்பான். கோல்ஃப் என்றதும் அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, பெரிய அனுபவஸ்தன் என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவன் போனைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, பதினாலு மட்டை வரைக்கும் வச்சுக்கலாம்னு சட்டம். புதுசா ஆடுதவுகளுக்குப் பதினாலு என்னத்துக்கு? அஞ்சு போதும். பெரிய மட்டையைப் பாத்து ஆசைப்படாதிய. அது ரொம்ப தூரம் அடிக்கும். ஆனா எந்தப் பக்கம்னு தெரியாது."

கொச்சியிலிருந்து பழைய மட்டைகள் ஐந்தை வரவழைத்துக் கொடுத்தான். அவன் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை என்பதை இங்கே எழுதியாக வேண்டும். மட்டையில் எழுதியிருக்கும் நம்பர் கூடக்கூட, பந்து உயரமாகப் போகும், தூரம் குறையும். ஐந்தாம் நம்பர், ஏழு, ஒன்பது, மணலில் விழுந்த பந்தை எடுக்க ஒன்று, குழிக்குள் தட்டிவிட ஒன்று. இவ்வளவுதான் வேண்டும். பந்தும் பழையதாகவே வாங்குங்கள். எப்படியும் தொலையப்போகிறது, பழையது தொலைந்தால் வயிறு எரியாது. கையுறை ஒன்றுதான், அதுவும் இடது கைக்கு. இதை முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி நிர்மலாதேவி ஒற்றைக் கையுறையைப் பார்த்துவிட்டு, பெலிக்ஸ் என்னை ஏமாற்றிவிட்டான் என்று அவளே கடைக்குப் போய் வலது கைக்கும் ஒன்று வாங்கி வந்துவிட்டாள். அவனும் பேசாமல் கொடுத்திருக்கிறான்.

பண்பொழியில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. பிசான நெல்லை அறுத்துத் தாள் காய்ந்து கிடந்தது. மே மாதம் முழுக்க அங்கேதான் பயிற்சி. யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அடித்தேன். மட்டையைக் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்க வேண்டும். தப்பியும் போகக்கூடாது, செத்தும் போகக்கூடாது. தலையைத் தூக்கக்கூடாது. பந்து எங்கே போகிறது என்று பார்க்கிற ஆசையில், அடிப்பதற்கு முன்னாலேயே தலை நிமிர்ந்துவிடுகிறது. பந்து காலடியிலேயே கிடக்கும், நாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நான் இப்படி மண்ணை அடித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த வயல்காரி பேராச்சி வரப்பில் நின்று, "என்ன சார், பாம்பா?" என்று கேட்டாள். விளக்கம் சொல்ல வெட்கப்பட்டு ஆமாம் என்றேன். மறுநாளும் கேட்டாள், மறுநாளும் ஆமாம் என்றேன். பத்து நாளில் எங்கள் வயலுக்குக் கெட்ட பெயர் வந்து, நடவுக்கு ஆள் கூப்பிட்டால் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் ஜூன் முடிவதற்குள் எனக்கு ஆட வந்துவிட்டது. பெரிய ஆட்டமில்லை, பந்து முன்பக்கமாகப் போகிற அளவுக்கு. குழிக்குள் தட்டுவதை வீட்டுக் கூடத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரைச் சாய்த்து வைத்துப் பழகினேன். ஸ்ரீவித்யா லீவில் வந்தபோது எதிரே உட்கார்ந்து பந்தை எடுத்து எடுத்துப் போட்டாள். பத்துக்கு எட்டு உள்ளே விழுந்தது. அவள் சிரித்த மாதிரி நான் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை. "அப்பா, நீங்க அவங்களை ஒரு கை பாத்துருவீங்க போலயே" என்றாள். எனக்கு ஐம்பத்தொன்பது வயது. என் மகள் என்னை அப்படிப் பெருமையாகப் பார்த்தது பிடித்திருந்தது.

அவள் ஊருக்குப் போனதும் நிர்மலா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"இங்கன பாருங்க. அவுகளை ஜெயிச்சுக்கியிச்சு வச்சிராதிய. பொண்ணைக் கொடுக்கிறவுக நாம. அவுக மனசு கோணிச்சுன்னா, அதை யாரு நிமித்துவா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதனால் அடுத்த பதினைந்து நாளும் தோற்கப் பயிற்சி எடுத்தேன். ஒரு யோசனை சொல்கிறேன். ஜெயிக்கிறது மாதிரி ஆடித் தோற்க வேண்டுமானால், குழிக்கு ஒரு விரல்கடை முன்னால் பந்தை நிறுத்தப் பழகுங்கள். பக்கவாட்டில் விட்டால் வேண்டுமென்றே விட்டது தெரிந்துவிடும். முன்னால் நின்றால், பாவம் என்பார்கள்.

பாண்டியராஜ் மகனோடு ரிசார்ட்டுக்கு வந்த அன்று சாரல் நின்று நின்று விழுந்தது. ஸ்ரீவித்யாவும் லீவு போட்டு எங்களோடு வந்திருந்தாள். அவர் காரிலிருந்து இறக்கிய பையைப் பார்த்து மிரண்டுவிட்டேன். பதினான்கு மட்டை, ஒவ்வொன்றுக்கும் தலையுறை. வெள்ளைத் தொப்பி, ஆணி வைத்த ஷூ. கை தன்பாட்டுக்கு நீண்டு அந்தப் பையைத் தூக்கி என் தோளில் மாட்டிக்கொண்டது.

"அப்பா, அவங்க பையை அவங்க கொண்டு வரட்டும்" என்றாள் ஸ்ரீவித்யா.

"இருக்கட்டும்ட்டி, கனமே இல்ல."

முத்துகுமரன் ஓடி வந்து என் தோளிலிருந்து அதை வாங்கிக்கொண்டான். நல்ல பையன். ஸ்ரீவித்யா என்னைப் பார்க்காமல் குடையை விரித்தாள்.

முதல் பந்தைப் பாண்டியராஜ் அடித்தார். ஓரத்தில் விட்டுவைத்திருந்த தென்னை மரத்தில் பட்டு எங்களுக்குப் பின்னால் வந்து விழுந்தது. இரண்டாவது பந்து அதைவிடப் பின்னால். இருபது வருடமாக ஆடுகிறவர் என்றார்களே! இவரிடம் தோற்பதற்கு நான் பழகியிருந்த தோல்வியெல்லாம் போதாது. குறைவான அடியில் குழிக்குள் போட்டவருக்குத்தான் வெற்றி. நான் சாதாரணமாக ஆடினாலே மூன்றாவது குழிக்குள் மனிதர் அழுதுவிடுவார்.

அவரோ வழிநெடுக எனக்கு யோசனை சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஹெட் டவுன், பரமேஸ்வரன் சார், ஹெட் டவுன்! நீங்க தலையைத் தூக்குதீங்க. தோளை இப்படித் திருப்பணும், என்னைப் பாருங்க."

பார்த்தேன். அவர் பந்து ஓடைக்குள் போனது.

"இந்த மட்டையோட தண்டு கொஞ்சம் இறுக்கம். அதான். உங்க வயசுக்கு நீங்க இளக்கமான தண்டா வாங்கணும் சார்."

சரி சார் என்றேன். அவர் ஓடைக்குள் இறங்கினால் நானும் இறங்கினேன். மரத்தில் அடித்தால் நான் மரமாகப் பார்த்து அடித்தேன். மூன்றாவது குழியில் ஒரு குரங்கு வந்து அவருடைய பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கிடந்த பந்தைப் பிராணி எடுத்தால், கிடந்த இடத்திலேயே வேறு பந்து வைக்கலாம், அதை ஒரு அடியாகக் கணக்கு வைக்கமாட்டார்கள். கிடந்த இடம் எது என்று அவர் கேட்டபோது, குழிக்கு இரண்டடி தூரத்தைக் காட்டினேன். "அவ்வளவு பக்கமாவா அடிச்சேன்?" என்று அவரே ஆச்சரியப்பட்டார். பின்னால் நின்ற ஸ்ரீவித்யா பந்து உண்மையில் எங்கே கிடந்தது என்று பார்த்திருந்தாள்.

ஐந்து குழி முடிந்தபோது அவர் நாற்பத்தொரு அடி, நான் நாற்பத்திரண்டு. இவ்வளவு நுணுக்கமாக நான் மின்வாரியத்தில்கூட வேலை பார்த்ததில்லை. நிர்மலா ரிசார்ட் வராந்தாவிலிருந்து திருப்தியாகத் தலையாட்டினாள். ஆறாவது குழியில் பாண்டியராஜ் ஒன்பது அடியில் போட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். எனக்கு ஏழு ஆகியிருந்தது. பந்து குழிக்கு நான்கடி தூரத்தில் கிடந்தது. இதைப் போட்டால் இரண்டு பேரும் சமம். விட்டால் அவருக்கு வெற்றி.

குனியப்போன என் பக்கத்தில் ஸ்ரீவித்யா குடையோடு வந்து நின்றாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"வேணும்னேதான விட்டுக்கிட்டு வாரீங்க? காலையிலருந்து பாக்கேன்."

மட்டையில் ஒட்டியிருந்த புல்லைத் துடைத்தேன்.

"நாளைக்கு அந்த வீட்ல எனக்கு ஒரு சங்கடம்னா உங்ககிட்டதானப்பா வருவேன். அப்பவும் அவங்க மனசு கோணக்கூடாதுன்னு இப்படித்தான் நிப்பீங்களா?" அவள் கண் கலங்கியிருந்தது. "இந்த ஒண்ணை மட்டும் எனக்காக நெசமா அடிங்க. உள்ள போகணும்னு அடிங்க. அது போதும்."

நிர்மலா, சம்பந்தி, கோணுகிற மனசு, எல்லாம் அந்த நிமிடத்தில் எனக்கு மறந்துபோயிற்று. கூடத்தில் பத்துக்கு எட்டு போட்டவன் நான். மட்டையைக் கோழிக்குஞ்சாகப் பிடித்தேன். தலையைத் தூக்கவில்லை. என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு ஆசைப்பட்டுச் செய்ததில்லை. தட்டினேன்.

பந்து நேராகப் போனது. நேராகத்தான் போனது. சாரலில் நனைந்த புல் என் வீட்டு மொசைக் தரை இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை. குழிக்கு ஒரு விரல்கடை முன்னால் போய் நின்றுவிட்டது.

"ஆஹா! தைரியமாத் தட்டணும் சார்!" என்று பாண்டியராஜ் வந்து என்னைக் கட்டிக்கொண்டார். மிச்சமிருந்த ஒரு தட்டையும் சேர்த்து ஐம்பத்தொன்றுக்கு ஐம்பது. வெகு நெருக்கமான ஆட்டம் என்றார். அவர் கைக்குள்ளிருந்தபடியே மகளைத் தேடினேன். பந்து நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குடையை மடக்கிக்கொண்டு மழையிலேயே வராந்தாவுக்கு நடந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் கல்யாணம் பேசி முடிந்தது. தையில் வைத்துக்கொள்ளலாம் என்றார் பாண்டியராஜ். இப்படி ஒரு பெருந்தன்மையான சம்பந்தி கிடைத்தது பாக்கியம் என்றார். முத்துகுமரன் சிரித்தான். ஸ்ரீவித்யாவும் கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் பதில் சொன்னாள்.

திரும்பி வரும்போது காரில் நிர்மலாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கடைசிப் பந்தை எங்க உள்ள போட்டுருவியளோன்னு எனக்குப் பக்குபக்குன்னு இருந்துச்சு. என்னமா நிப்பாட்டுனிய! ஒருத்தருக்கும் சந்தேகம் வராது."

"அதை நான் நெசமாத்தான் அடிச்சேன்" என்றேன்.

"ஆமா, ஆமா" என்று சிரித்தாள் நிர்மலா.

நான் கண்ணாடி வழியாகப் பின் சீட்டைப் பார்த்தேன். "ஏட்டி, சத்தியமா. உள்ள போகணும்னுதான் அடிச்சேன். புல்லு ஈரமா இருந்துச்சு."

"சரிப்பா" என்றாள் ஸ்ரீவித்யா.

மூன்று வயதிலிருந்து என்னோடு எதற்கெடுத்தாலும் சண்டை போடுகிற பிள்ளை அவள். ஏன் பொய் சொல்லுதீங்க என்று கேட்டிருந்தால்கூட நான் பதில் சொல்லியிருப்பேன். புல்லைக் காட்டியிருப்பேன், காரைத் திருப்பி மைதானத்துக்கே கூட்டிக்கொண்டு போயிருப்பேன். அவள் கேட்கவில்லை. வெளியாரிடம் பேசுகிற மாதிரி மரியாதையாக இன்னொரு தடவையும் "சரிப்பா" என்றாள், நான் தென்காசி வரைக்கும் காரை ஓட்டிக்கொண்டு வந்தேன்.